வீட்டுக்குச் சங்கு கிடையாது

கேள்வி: “எனக்கு வயது 36. ஐடி கம்பெனியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்தே. 7 வயதில் ஒரு பையன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ‘எங்க காலத்துல பகல்ல முதுகைச் சாய்ச்சதே இல்ல’ என்று அடிக்கடி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணி நேரம் படுத்தால்கூட ஏதோ திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருக்கிறது. எல்லா வேலையும் முடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம் என்று பார்த்தால் ராத்திரி பதினொன்றாகிவிடுகிறது. மனசு உறுத்தாமல் ஓய்வெடுக்க வழி இருக்கிறதா?”

அம்மிணி, உங்கள் கேள்வியில் “எல்லா வேலையும் முடித்துவிட்டு” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். உங்களைப் படுக்கவிடாமல் எழுப்புவது அந்த மூன்று வார்த்தைதான் என்று நினைக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் ஒரு நூற்பாலையில் 29 வருஷம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன் நான். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் அப்படி ஒருவரை வைத்தாக வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. கேன்டீன் சாம்பாரிலிருந்து பிரசவ விடுப்பு வரைக்கும் எந்தக் குறையென்றாலும் என் மேசைக்குத்தான் வரும். அதில் பாதி ஏதாவது ஒரு வகையில் ஓய்வைப் பற்றியதாகவே இருக்கும். நான் டாக்டர் இல்லை. ஓய்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முதலில் மில்லில் கற்றது, அப்புறம் அதை ஒட்டித் தேடிப் படித்தது.

நூல் மில்லில் வேலை முடிவதே கிடையாது. ரிங் ஃப்ரேம் என்று நீளமான மிஷின், நூலை முறுக்கிச் சுற்றுகிற நூற்றுக்கணக்கான கதிர்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அதைக் கவனிக்கிறவரைச் சைடர் என்போம். பெரும்பாலும் பெண்கள். இரண்டு வரிசைக்கு நடுவில் போவதும் வருவதுமாக நடந்துகொண்டே இருப்பார்கள். எங்கே இழை அறுந்திருக்கிறது என்று கண் தேடும். கண்டதும் கை போய் ஒட்டும். இங்கே ஒன்றை ஒட்டி நிமிர்வதற்குள் அங்கே ஒன்று அறும். “இன்றைக்கு எல்லா இழையையும் ஒட்டி முடித்துவிட்டேன்” என்று ஒரு சைடர்கூட என்னிடம் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. ஆனாலும் அவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள், நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள். வேலை முடிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. சங்கு ஊதியது, போனார்கள்.

கோவைக்காரர்களுக்குச் சங்கு என்றால் தெரியும், நேரத்துக்கு ஊதுகிற மில் சைரன். ஊரே அதை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. நான் வேலை பார்த்த காலத்துச் சட்டப்படி ஒரு தொழிலாளியைத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் அரை மணி நேரமாவது இடைவேளை விட்டாக வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று அடுத்த வருஷம் சம்பளத்தோடு விடுப்பு. இதில் எங்கேயும் “வேலையை முடித்திருந்தால்” என்ற நிபந்தனை இல்லை. இன்றைக்கு உற்பத்தி குறைவு, அதனால் சாப்பாட்டு இடைவேளை கிடையாது என்று எந்த மேனேஜரும் சொல்ல முடியாது. ஓய்வு என்பது வேலைக்குக் கிடைக்கிற பரிசாக இல்லாமல், வேலை நேரத்துக்கு உள்ளேயே ஒரு பகுதியாக உட்கார்ந்திருந்தது.

இதெல்லாம் யாரும் தானாகக் கொடுத்ததும் இல்லை. சென்னையில் பின்னி மில் என்று சொல்வோமே, அந்தப் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றவர். அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற அரை மணி நேரம் போதவில்லை என்பது. நீங்கள் மனசு உறுத்தப் படுக்கிறீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமைகூட பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு 1890-ல்தான் விடுமுறை நாளாகக் கிடைத்தது. நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் வருஷக்கணக்காக மனுப் போட்டு, கூட்டம் கூட்டி வாங்கியது. அந்த ஜனங்கள் சோம்பேறிகளா? நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியில் நின்றவர்கள். ஓய்வு வேண்டும் என்று கேட்டவர்கள் எப்போதும் மிக அதிகமாக உழைத்தவர்கள்தான். இது எனக்கு மிகவும் முக்கியமான விஷயமாகத் தோன்றும்.

சரி, சங்கு ஊதியதும் சைடர் சாப்பிடப் போய்விட்டால் மிஷின் என்ன ஆகும்? அது நிற்காது. அதற்குத்தான் ரிலீவர் என்று ஒருவர் வருவார். அந்த அரை மணி நேரம் அந்த வரிசைக்கு அவர்தான் பொறுப்பு. அனுபவமில்லாத ரிலீவர் வந்துவிட்டால் சைடருக்குச் சாப்பாடு இறங்காது. தூக்குப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு காதை மிஷின் பக்கமே வைத்திருப்பார். நல்ல கைக்காரர் வந்த நாளில் அதே அம்மா சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, கேன்டீன் பெஞ்சில் பத்து நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டுத்தான் வருவார். உறுத்தல் என்பது மனசுக்குள் மட்டும் இருக்கிற நோய் என்று நினைத்து அதற்குத் தியானம், மூச்சுப் பயிற்சி என்று அலைகிறோம். எனக்கென்னவோ, பாதி நேரம் அது ரிலீவர் இல்லாத கவலை என்றுதான் படுகிறது.

இதை மில்லில் தெரிந்துவைத்திருந்த நான் வீட்டில் தெரிந்துகொள்ள ரொம்ப நாளாயிற்று.

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்ததால் மதியம் இரண்டரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட் கொண்டியைத் தூக்கித் திறந்தேன். உள்ளே போனால் என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அரிசியைக் காலையில் நான் கிளம்பும்போதே அவள் பொறுக்கி முடித்து டப்பாவில் கொட்டியதைப் பார்த்திருந்தேன். இடது கன்னத்தில் கோரைப்பாயின் அச்சு, கோடு கோடாக. சுவரோரம் பாயை அவசரமாகச் சுருட்டிச் சாய்த்திருந்தாள். அது மெதுவாக அவிழ்ந்துகொண்டிருந்தது. “என்னங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?” என்றாள். குரலில் தூக்கம் கலையவில்லை.

நான் அதுவரைக்கும் ஒரு நாள்கூட அவளை ஏன் தூங்கினாய் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. கேட் சத்தம் கேட்டதும் எழுந்துவிட வேண்டும் என்பது அவள் அம்மாவிடமிருந்து வந்திருக்கும், அவர் அம்மாவிடமிருந்து அவருக்கு. நான் மில்லில் நானூறு பெண்களுக்கு ரிலீவர் ஒழுங்காக வருகிறாரா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் சங்கும் இல்லை, ரிலீவரும் இல்லை. அன்றைக்கு அதை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. “காய்ச்சல் மாதிரி இருக்கு, நானும் படுக்கிறேன், பாயை விரி” என்று மட்டும் சொன்னேன்.

நம் பேச்சிலேயே இது ஊறிக் கிடக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி பத்து வரைக்கும் நின்றுகொண்டிருக்கிற பெண்ணிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்பார். அதே பெண் பத்து நிமிஷம் காலை நீட்டினால், “என்ன, சும்மா படுத்திருக்க?” என்று கேட்பார்கள். உழைத்தாலும் சும்மா, ஓய்ந்தாலும் சும்மா. மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை 2019-ல் மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். 299 என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். உங்களுக்கு அது ஆபீஸ் வேலை போக மேலே வருவது.

வேலை நேரம் நீண்டால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று சொன்னார்கள். இதய நோயால் இறக்கிற அபாயம் 17 சதவீதம் அதிகம். உங்கள் ஆபீஸ் நேரத்தையும் வீட்டு நேரத்தையும் ஒரு வாரத்துக்குக் கூட்டி எழுதிப் பாருங்கள். உங்களைப் பயமுறுத்த இல்லை. ‘அப்படி என்ன செய்துவிட்டேன், படுப்பதற்கு’ என்று தோன்றும்போது பார்த்துக்கொள்ள அந்தத் தாள் உதவும்.

நாற்காலி விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். துணிக்கடையில் நிற்கிற பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் உட்காராமல் நின்ற காலம் உங்களுக்கே தெரிந்திருக்கும். கேரளாவில் 2018-ல் இதற்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட்டாக வேண்டும் என்றார்கள். அதற்கு அப்புறம் ஒரு கடையில் புடவை எடுக்கப் போனபோது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது, அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். “ஏன் சாமி, உட்கார வேண்டியதுதானே?” என்றேன். “உட்காரலாம்னுதான் சொல்லியிருக்காங்க அய்யா. நமக்குத்தான் கூச்சமா இருக்குது” என்றார். ஸ்டூல் போடச் சட்டம் போட்டுவிடலாம், அதில் உட்காரப் பழகத் தனியாக நாள் பிடிக்கும். உங்களுக்கும் முதல் சில வாரம் உறுத்தத்தான் செய்யும். உறுத்தல் போனபிறகு படுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உறுத்தலோடேயே படுங்கள், அது போகிற நாளில் போகட்டும்.

நம் பெரியவர்கள் ஓய்வு தெரியாதவர்கள் என்பதும் பாதி உண்மைதான். அமாவாசை அன்று ஏர் கட்டாத ஊர்கள் எத்தனை! தச்சரும் கொத்தனாரும் அன்றைக்கு வேலைக்கு வர மாட்டார்கள். எத்தனை அவசரமான வீடு கட்டும் வேலையாக இருந்தாலும் சரி, அமாவாசை என்றால் அமாவாசைதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆயுத பூஜையை யோசித்துப் பாருங்கள். சுத்தியல், அரிவாள், தராசு, தையல் மிஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து அன்றைக்குத் தொடாமல் விடுகிறோம். மில்லில் அந்த ஒரு நாள் ஃப்ரேம்கள் நின்றிருக்கும்போது, காது பழகிப்போன இரைச்சல் இல்லாமல், உள்ளே நடந்தால் நம் செருப்புச் சத்தமே நமக்குப் புதிதாகக் கேட்கும். இரும்புக்குக்கூட வருஷத்துக்கு ஒரு நாள் மரியாதையோடு ஓய்வு கொடுக்கிற ஜனங்கள் நாம்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

முதலில் நேரத்தை நிர்ணயம் செய்யுங்கள். மதியம் இரண்டரை என்றால் இரண்டரை. பாத்திரம் பாதி கழுவியிருந்தாலும், துணி மடிக்காமல் கிடந்தாலும், இரண்டரைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட வேண்டும். என் மனைவி இதற்கு ஒரு பழைய அலாரம் கடிகாரத்தை அடுக்களை மேடையில் வைத்திருந்தாள். போனில் வைத்தால் அதை அணைக்க எடுக்கும்போது வாட்ஸ்அப் பார்க்கத் தோன்றும் என்பாள். அந்த மணிச் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்க வேண்டும், அது முக்கியம். அப்போது நீங்கள் நழுவிப் போய்ப் படுக்கிற மாதிரி இருக்காது.

இரண்டாவது, ரிலீவர். உங்கள் வீட்டுக்காரர்தான். “கொஞ்சம் பார்த்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்தால் போதாது. அந்த நேரத்தில் என்னவெல்லாம் வரும் என்று ஒப்படைக்க வேண்டும்: பையன் பசிக்குது என்று வந்தால் என்ன கொடுப்பது, காலிங் பெல் அடித்தால் யார் போவது, தண்ணீர் லாரி வந்தால் என்ன செய்வது. நான் முதல் ஞாயிறு பாலைப் பொங்கவிட்டேன். அவள் படுத்த இடத்திலிருந்தே “பால், பால்” என்று கத்தினாள். நாலைந்து வாரம் அப்படித்தான் போயிற்று. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் தூங்கினாள். பால் அதற்கப்புறமும் பொங்கியது, துடைத்தேன்.

நாசா 1990-களில் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீண்டதூர விமானத்தில் விமானிகளுக்கு முறை வைத்து 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தூங்கியவர்கள் தூங்காதவர்களைவிடத் தரையிறங்கும் நேரத்தில் விழிப்போடு இருந்தார்கள். பறக்கிற விமானத்தின் காக்பிட்டில் ஒரு மனிதர் எப்படி நிம்மதியாகத் தூங்கினார்? பக்கத்தில் இருப்பவர் ஓட்டிக்கொண்டிருந்தார், அவர் ஓட்டுவார் என்று இவருக்குத் தெரியும். அவ்வளவுதான். மதியத் தூக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தோடு போதும். அதைத் தாண்டி ஆழ்ந்து தூங்கி எழுந்தால் தலை கனக்கும், ராத்திரித் தூக்கமும் தள்ளிப்போகும். மீதி நேரம் சும்மா படுத்திருக்கலாம்.

படுத்ததும் மண்டைக்குள் பட்டியல் ஓடும்: திங்கட்கிழமை மீட்டிங், பையனுக்கு ஃபீஸ், கேஸ் புக் பண்ண வேண்டும். மில்லில் ஷிப்ட் மாறும்போது ஒரு நோட்டு உண்டு. எந்த ஃப்ரேமில் என்ன கோளாறு, எது பாதியில் நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எழுதாமல் போனவருக்கு வீட்டிலும் அதே நினைப்பாக இருக்கும். முடியாத வேலைக்கு எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் எழுதிவிட்டாலே அது மனதில் வந்து வந்து தொந்தரவு செய்வது குறைகிறது என்று 2011-ல் அமெரிக்காவில் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். படுக்கும் முன் இரண்டு நிமிடம், ஒரு துண்டுக் காகிதம். “கேஸ் — நாளை காலை பஸ்ஸில்” என்கிற அளவுக்கு எழுதினால் போதும்.

போனைத் தூர வைத்துவிடுங்கள். படுத்துக்கொண்டு போன் பார்ப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அது வேறு. 2012-ல் மிக்கேலா டூவர் என்பவர் குழுவாகச் செய்த ஆய்வில், வயதானவர்களுக்கு ஒரு கதை சொல்லிவிட்டு 10 நிமிடம் கண்ணை மூடிச் சும்மா இருக்கச் சொன்னார்கள். இன்னொரு கதை சொல்லிவிட்டு அதே 10 நிமிடம் இரண்டு படத்துக்கு ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற மாதிரியான விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, சும்மா இருந்ததற்கு முன் கேட்ட கதைதான் நன்றாக நினைவிருந்தது. சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை என்று சொல்வதற்காக இதைச் சொல்கிறேன். போனில் விரலைத் தள்ளிக்கொண்டிருப்பது அந்த வித்தியாசம் தேடுகிற விளையாட்டைப் போலத்தான்.

இதையெல்லாம் இரண்டு மாதம் செய்தும், நன்றாகத் தூங்கியும், அசதி அப்படியே இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். மில்லில் “சோம்பேறி, அடிக்கடி உட்காருகிறாள்” என்று சூப்பர்வைசர் புகார் எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் வெறும் 7 இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தைராய்டையும் ஒரு தடவை பாருங்கள். ஓய்வு, தூக்கம் எதுவும் பிடிக்காமல் மனசு வாரக்கணக்காக இருண்டே கிடந்தால் மனநல மருத்துவரிடம் போகக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக உங்கள் மாமியார். “பகல்ல முதுகைச் சாய்ச்சதே இல்ல” என்று அவர் சொல்வது உங்களுக்குக் குத்தலாகக் கேட்டிருக்கும். இருபத்தொன்பது வருஷம் குறை கேட்டுப் பழகிய என் காதுக்கு அது குறையாகத்தான் கேட்கிறது. அவருக்கு ரிலீவர் வந்ததே இல்லை, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. அடுத்த ஞாயிறு இரண்டரைக்கு இரண்டு பாய் விரியுங்கள். முதல் வாரம் “எனக்கெதுக்கு” என்பார். விரித்ததைச் சுருட்டாமல் விட்டுவிடுங்கள். பையனை உங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், நாலு மணிக்கு இரண்டு பேருக்கும் காப்பியும் அவரே போட்டுக் கொண்டுவரட்டும். காப்பித்தூளும் சர்க்கரையும் எந்த டப்பாவில் இருக்கின்றன என்று சனிக்கிழமை ராத்திரியே காட்டிவிடுங்கள்.